ஏழாம் ஆண்டுக் கடனும் தள்ளுதற்சீட்டும்

ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கடனெல்லாம் தள்ளுபடி. உபாகமம் 15-ஆம் அதிகாரம் இதைச் சுற்றிவளைக்காமல் சொல்கிறது. ஏழாம் ஆண்டின் முடிவில், கடன் கொடுத்தவன் தன் இனத்தானை நெருக்கக் கூடாது, விட்டுவிட வேண்டும். எழுதியவருக்கு மனித சுபாவம் நன்றாகவே தெரிந்திருக்கிறது. அதே அதிகாரத்தின் 9-ஆம் வசனத்தில் ஓர் எச்சரிக்கை வருகிறது: ஏழாம் ஆண்டு கிட்டிவிட்டதே என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஏழையின் மேல் வன்கண் வைத்து, கையை விரித்துவிடாதே, அவன் கர்த்தரிடம் முறையிட்டால் அது உனக்குப் பாவமாகும்.

எச்சரித்தபடியேதான் நடந்தது. தள்ளுபடி ஆண்டை நினைத்துக் கையில் காசுள்ளவர்கள் கடன் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஏழைக்காக எழுதிய சட்டம் ஏழையின் வயிற்றிலேயே அடித்தது. ஏரோது அரசன் காலத்து எருசலேமில் ஆசிரியராக இருந்த ஹில்லேல் இதைப் பார்த்துவிட்டு ஒரு பத்திரம் கொண்டுவந்தார். பெயர் ப்ரோஸ்புல். அதன் வாசகம் யூதர்களின் வாய்வழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது, ஒரே வாக்கியம்தான். 'இன்ன ஊரின் நீதிபதிகளாகிய இன்னார், இன்னாரிடம் நான் ஒப்படைப்பது: எனக்கு வரவேண்டிய எந்தக் கடனையும் நான் விரும்பும் காலத்தில் வசூலித்துக்கொள்வேன்.' கீழே நீதிபதிகளோ சாட்சிகளோ கையெழுத்திட்டால் போதும், கடன் ஏழாம் ஆண்டைத் தாண்டி உயிரோடு இருக்கும்.

எப்படி என்றால், உன் சகோதரனிடம் இருக்கும் கடனை 'உன் கை' விட்டுவிட வேண்டும் என்றுதான் வசனம் சொல்கிறது. கடன் நீதிமன்றத்தின் கைக்குப் போய்விட்டால் விடவேண்டிய கை உன்னுடையதே இல்லை! இதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. கடன் வாங்கியவனுக்குக் கொஞ்சமாவது நிலம் இருக்க வேண்டும். நிலமில்லாதவனுக்கு? கடன் கொடுக்கிறவனே தன் நிலத்தில் ஒரு துளியை அவனுக்கு உரிமையாக்கலாம் என்கிறது மிஷ்னா. எவ்வளவு துளி? முட்டைக்கோஸ் தண்டு ஒன்று நிற்கிற அளவு போதும் என்று, மிஷ்னாவின் மேல் எழுந்த விவாதங்களின் தொகுப்பான தல்மூத் இறங்கி வருகிறது. அடியில் துளை போட்ட செடித்தொட்டி ஒன்று இருந்தாலும் சரி.

நான் குடும்ப நீதிமன்றத்தில் வழக்காடுகிறவள். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சபை வீட்டில் வளர்ந்தவள். சண்டே ஸ்கூலில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த யூதச் சட்டத்தில் இரண்டே பாத்திரங்கள்: கண்ணுக்குக் கண் கேட்கிற கடவுள், வெளிவேஷம் போடுகிற பரிசேயர். எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பரிசேயன் என்று சொல்லிவிட்டால் அவர் அப்புறம் ஒரு மாதம் நம்மோடு பேச மாட்டார். அந்தப் பரிசேயர்களின் பேரப்பிள்ளைகள் தொகுத்த மிஷ்னாவும், பிறகு பாபிலோனில் திரண்ட தல்மூத்தும் இன்று இணையத்தில் ஆங்கில மொழிபெயர்ப்போடு இலவசமாகக் கிடைக்கின்றன. கோஸ் தண்டுப் பக்கத்தை நான் படித்தது அப்படித்தான். சட்டம் படித்த எவருக்கும் அந்த இடத்தில் புன்னகை வராமல் இருக்காது. வந்த புன்னகையை உடனே கேலியாக்கிக்கொள்ளவும் கூடாது. ஏனென்றால் இந்தக் குட்டி நிலம், இந்தக் கை மாற்றம் எல்லாம் யாருக்காக என்பதை மிஷ்னா மறைக்கவில்லை. மக்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கத் தயங்கி, தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) எச்சரித்த அதே பாவத்தைச் செய்வதைக் கண்டதால் ஹில்லேல் இதை ஏற்படுத்தினார் என்று எழுதியே வைத்திருக்கிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் சங்கடம். தல்மூத் கேட்கிறது: தோரா கடனை ரத்து செய்யும்போது, ரத்து இல்லை என்று சொல்ல ஹில்லேல் யார்? அபாயே என்ற அறிஞர் ஒரு பதில் சொல்கிறார்: ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விடும் ஓய்வாண்டு முழு வலுவோடு நடக்காத காலத்தில் கடன் தள்ளுபடியும் ரப்பிகள் (யூதச் சட்ட ஆசிரியர்கள்) வைத்த ஏற்பாடுதான், ரப்பிகள் வைத்ததை ரப்பிகள் தளர்த்தலாம். ராவாவின் பதில் இன்னும் துணிச்சலானது: சொத்து விஷயத்தில் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஒருவன் பொருளை அது உரிமையற்றது என்று அறிவித்தால் உரிமையற்றதுதான். இந்த இருவருக்கும் முந்தைய தலைமுறை அறிஞர் ஷமுவேலுக்கோ இந்தப் பத்திரமே பிடிக்கவில்லை. ப்ரோஸ்புல் என்பது நீதிபதிகளின் திமிர், எனக்குப் பலம் இருந்தால் ஒழித்துவிடுவேன் என்கிறார். ராவ் நக்மானோ, எனக்குப் பலம் இருந்தால் எழுதாத ப்ரோஸ்புல்லையும் எழுதியதாகவே எடுத்துக்கொள்ள வைப்பேன் என்கிறார். ஹில்லேலின் பெருமையைப் பாடுகிற மரபு, அவர் செய்தது திமிர் என்ற வாக்கியத்தையும் அதே பக்கத்தில் வைத்திருக்கிறது. தோற்ற கருத்தை ஏன் எழுதிவைக்க வேண்டும் என்ற கேள்விக்கு மிஷ்னாவே வேறோர் இடத்தில் பதில் சொல்கிறது: நாளைக்கு வேறொரு நீதிமன்றம் அந்தச் சிறுபான்மைக் கருத்தைச் சரியென்று கண்டால் அதன்மேல் சாய்ந்துகொள்ளலாம்.

தங்கள் சட்டம் வசனத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதும் அவர்களுக்குத் தெரியும். நேர்ச்சையிலிருந்து விடுவிக்கும் விதிகள் காற்றில் மிதக்கின்றன, ஓய்வுநாள் விதிகள் மயிரிழையில் தொங்கும் மலைகள் என்று மிஷ்னா தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறது. வேலை செய்யாதே என்கிறது தோரா. எது வேலை? நாற்பதில் ஒன்று குறைவு என்று 39 வகைகளை அடுக்குகிறது மிஷ்னா: உழுவது, விதைப்பது, முடிச்சுப் போடுவது, முடிச்சை அவிழ்ப்பது, இரண்டு எழுத்து எழுதுவது, இரண்டு எழுத்து எழுதுவதற்காக அழிப்பது.

விளக்கம் சொல்லிச் சொல்லியே ஒரு கட்டளையைச் செயலிழக்க வைப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. உபாகமம் 21: தாய் தகப்பன் சொல் கேட்காத முரட்டு மகனை ஊர்ப் பெரியவர்களிடம் இழுத்துப்போ, ஊரார் கல்லெறிந்து கொல்லட்டும். கடவுளின் சொல், அழிக்க முடியாது. ரப்பிகள் அதை எழுத்துக்கு எழுத்து வாசித்தார்கள். 'பிடித்து' என்றிருக்கிறது, ஆகவே கை இழந்த பெற்றோர் இந்த வழக்கைப் போட முடியாது. 'கொண்டுபோய்' என்றிருக்கிறது, ஆகவே காலால் நடக்க முடியாதவர் முடியாது. 'சொல்லி' என்பதால் பேச இயலாதவர் விலக்கு. 'இந்த எங்கள் மகன்' என்று சுட்டிக்காட்ட வேண்டும், ஆகவே பார்வையற்றவர் விலக்கு. தகப்பன் சம்மதித்துத் தாய் சம்மதிக்காவிட்டாலும் வழக்கில்லை. பையன் குறிப்பிட்ட எடையளவு இறைச்சி தின்று, குறிப்பிட்ட அளவு இத்தாலிய மது குடித்திருக்க வேண்டும். அதுவும் அப்பாவிடம் திருடியதாக இருக்க வேண்டும், வேறோர் இடத்தில் வைத்துத் தின்றிருக்க வேண்டும். ரப்பி யெகூதா இதன் உச்சிக்கே போகிறார். 'எங்கள் குரல்' என்று ஒருமையில் இருக்கிறதல்லவா, ஆகவே தாய்க்கும் தகப்பனுக்கும் குரல் ஒன்றாக இருக்க வேண்டும். குரல் ஒன்றானால் தோற்றமும் உயரமும்கூட ஒன்றாக இருக்க வேண்டும்.

பிறகு தல்மூத் நிதானமாக முடிவைச் சொல்கிறது: இப்படி ஒரு மகன் இருந்ததும் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. அப்படியானால் ஏன் எழுதப்பட்டது? ஆராய்ந்து படித்துப் பலன் பெறுவதற்கு. அங்கேயும் ஒருவர் எழுந்து நிற்கிறார். ரப்பி யோனத்தான், 'நான் அவனைப் பார்த்திருக்கிறேன், அவன் கல்லறைமேல் உட்கார்ந்திருக்கிறேன்' என்கிறார். அந்த ஒரு வரி என்னைத் தூங்கவிடாத வரி. மற்றவர்கள் எல்லாரும் சாமர்த்தியமாக ஒரு கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது, அது சாத்தப்படுவதற்கு முன் உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவனை அவர் ஞாபகப்படுத்துகிறார்.

கண்ணுக்குக் கண்ணுக்கும் இதே கதிதான். பார்வையற்ற ஒருவன் இன்னொருவன் கண்ணைக் குருடாக்கினால் எந்தக் கண்ணை எடுப்பாய் என்று கேட்டு, கண்ணின் விலை என்று தீர்த்தார்கள். உறுப்பின் நஷ்டம், வலி, மருத்துவம், இழந்த வேலை, அவமானம் என்று ஐந்து தலைப்பில் ஈட்டுத்தொகை. நம்முடைய மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தப் பட்டியல் அந்நியமாகத் தோன்றாது. ரப்பி எலியேசர் ஒருவர் மட்டும் கண் என்றால் கண்தான் என்றார்.

இதை வைத்து ரப்பிகள் எப்போதும் இளக்கவே செய்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். ஆட்டுக்குட்டியைத் தாயின் பாலில் வேகவைக்காதே என்று மூன்று இடத்தில் வரும் ஒரு வாக்கியத்திலிருந்து இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிச் சட்டி, தனித்தனிக் கரண்டி, இரண்டுக்கும் நடுவே மணிக்கணக்கில் இடைவெளி என்று ஒரு சமையலறையே கட்டப்பட்டது. பால் சுரக்காத கோழியும் அதற்குள் இழுக்கப்பட்டது. கலிலேயாவின் ரப்பி யோசே கோழியைப் பாலோடு அனுமதித்தார், அவர் ஊரில் சாப்பிட்டார்கள், கடைசியில் அவர் கருத்து தோற்றது.

நிலத்தின் கதைக்கு வருகிறேன், அது நமக்குக் கிட்டத்தட்ட நேற்று நடந்தது. ஏழாம் ஆண்டு கடனுக்கு மட்டும் ஓய்வில்லை, மண்ணுக்கும் ஓய்வு. உழக் கூடாது, விதைக்கக் கூடாது. பல நூற்றாண்டு இது பெரும்பாலும் புத்தகத்தில் இருந்த சட்டம். 1880-களில் ரஷ்யாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் யூதர்கள் பாலஸ்தீனத்துக்கு வந்து பண்ணைக் குடியிருப்புகள் அமைத்தார்கள். 1888 இலையுதிர்காலத்தில் ஓய்வாண்டு பிறந்தது. கையில் சேமிப்பில்லாத புது விவசாயி ஓர் ஆண்டு உழாமல் இருந்தால் குடியிருப்பே கலைந்துபோகும். கோவ்னோ நகரத்து ரப்பி இட்ஸ்காக் எல்கனான் ஸ்பெக்டர் முதலானவர்கள் ஒரு வழி சொன்னார்கள்: நிலத்தைத் தற்காலிகமாக யூதரல்லாதவருக்கு விற்றுவிடுங்கள், யூதரல்லாத வேலையாட்கள் உழட்டும். வொலோஷின் கல்விச்சாலைத் தலைவர் நஃப்தாலி த்ஸ்வி யெகூதா பெர்லின் எதிர்த்தார். எருசலேமில் இருந்த அஷ்கெனாஸி (ஐரோப்பிய வழிவந்த) ரப்பிகளும் எதிர்த்தார்கள். அந்த மண்ணை அந்நியருக்கு விற்கக் கூடாது என்பதே தோராவிலிருந்து எடுக்கப்பட்ட இன்னொரு தடை. ஒரு விலக்கைத் தாண்டுவதற்கு இன்னொன்றின் மேல் கால் வைக்கலாமா என்பது எதிர்த்தவர்களின் கேள்விகளில் ஒன்று. நியாயமான கேள்வி.

1909-10 ஓய்வாண்டில் யாஃபாவின் ரப்பி ஆபிரகாம் இட்ஸ்காக் கூக் அந்த விற்பனையைத் தாங்கிப் பிடித்தார், அதற்காகவே ஒரு நூல் எழுதினார். ஸஃபேத்தில் இருந்த ரப்பி யாக்கோப் தாவீது வில்லோவ்ஸ்கி அவரோடு கடுமையாக மோதினார். கூக் இதைக் கொண்டாடவில்லை. நெருக்கடிக்கான ஏற்பாடு, முடிந்தவர்கள் முழுமையாக அனுசரிக்கட்டும் என்பதே அவர் தொனி. ஆனாலும் ஏற்பாடு நின்றது, நூறாண்டு கடந்து இன்றும் இருக்கிறது. 2007-இல் இந்த விற்பனையை நம்பிய காய்கறிக்குச் சில ஊர் ரப்பிகள் உணவுச் சான்று தர மறுத்தபோது இஸ்ரேலின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, தலைமை ரப்பிப்பீடம் அப்படி விடக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

பஸ்காப் பண்டிகையில் புளித்த தானியப் பொருளை வீட்டில் வைத்திருக்கவே கூடாது என்ற கட்டளையும் இதே மாதிரி ஒரு விற்பனைப் பத்திரத்தைக் கண்டது. 17-ஆம் நூற்றாண்டுப் போலந்தில் பிரபுக்களிடமிருந்து சாராய வடிசாலைகளைக் குத்தகைக்கு எடுத்திருந்த யூதர்கள் பீப்பாய்களை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? கிராகோவ் ரப்பி யோவேல் சிர்கிஸ், சரக்கோடு அது இருக்கும் அறையையும் விற்றுவிடுங்கள், பீப்பாய் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றார். இன்று இஸ்ரேல் அரசே தன் தானியக் கையிருப்பை ஒவ்வொரு பஸ்காவுக்கும் யூதரல்லாத ஒருவருக்கு எழுதி விற்கிறது, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்கிறது.

கடன், நிலம், சாராயம். பிழைப்பு நெரிபடும்போது பத்திரம் பிறக்கிறது. அதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது, சட்டம் என்றால் பிழைப்புக்குத்தானே. எனக்குச் சொல்ல இருப்பது வேறு. ப்ரோஸ்புல்லைப் பற்றிய விவாதம் தல்மூத்தில் எந்தப் பகுதியில் வருகிறது தெரியுமா? கடனைப் பற்றிய பகுதியில் இல்லை. கிட்டீன் என்கிற, விவாகரத்துச் சீட்டுகளைப் பற்றிய பகுதியின் நான்காம் அதிகாரத்தில் வருகிறது. அந்த அதிகாரம் 'உலகத்தைச் சீர்படுத்துவதற்காக' என்ற காரணம் சொல்லி ரப்பிகள் செய்த ஏற்பாடுகளின் தொகுப்பு. ஹில்லேலின் பத்திரத்துக்குச் சற்று முன்னால், அதே காரணத்தோடு, மூத்த ரப்பான் கமாலியேல் ஒரு மனைவிக்காகச் செய்த ஏற்பாடு நிற்கிறது. இரண்டும் அக்கம்பக்கத்தில் பிறந்தவை. ஒன்று இன்றும் ஒவ்வோர் ஓய்வாண்டின் முடிவிலும் எழுதப்படுகிறது. மற்றது திறந்து கொடுத்த வழியைப் பெரும்பாலான ரப்பிகள் பூட்டி வைத்துவிட்டார்கள்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். உபாகமம் 24-இல், மனைவியை விலக்குகிறவன் தள்ளுதற்சீட்டு எழுதி அவள் கையில் கொடுக்கட்டும் என்றிருக்கிறது. யூதச் சட்டத்தில் அந்தச் சீட்டுக்குக் கெட் என்று பெயர். கொடுக்க வேண்டியவன் கணவன், அதுவும் மனமுவந்து. நீதிமன்றம் அவனுக்காகக் கொடுக்க முடியாது. ஆகவே கணவன் காணாமல் போனாலும், கண்முன்னே இருந்துகொண்டே மறுத்தாலும், அவள் அவன் மனைவிதான். கட்டுண்டவள் என்று பெயர், அகுனா.

காணாமல் போன கணவன் விஷயத்தில் ரப்பிகள் காட்டிய இளக்கம் என்னை அசத்துகிறது. எந்த வழக்கிலும் இரண்டு சாட்சி வேண்டும் என்பது தோரா. இங்கே ஒரே சாட்சி போதும். மற்ற வழக்குகளில் சாட்சி சொல்லத் தகுதியில்லை என்று வைத்திருந்த பெண்ணும் அடிமையும் இங்கே சாட்சி. மிஷ்னா ஒரு வழக்கைச் சொல்கிறது. லேவியர் சிலர் சோவார் என்ற ஊருக்குப் பயணம் போகும்போது ஒருவருக்கு உடம்பு முடியாமல் போய், வழியில் ஒரு சத்திரத்தில் விட்டுப் போனார்கள். திரும்பி வந்தபோது சத்திரக்காரி, 'செத்துப்போனார், நான்தான் அடக்கம் செய்தேன்' என்றாள். அந்த அந்நியப் பெண்ணின் வாய்வார்த்தையை வைத்து அவர் மனைவிக்கு மறுமணம் அனுமதிக்கப்பட்டது. சத்திரக்காரி அவருடைய கைத்தடியையும் பையையும் தோராச் சுருளையும் எடுத்துக் கொடுத்திருந்தாள்.

கடலில் மட்டும் கை நடுங்கியது. கரை கண்ணுக்குத் தெரியாத நீரில் ஒருவன் மூழ்கியதைப் பார்த்தாலும் போதாது, எங்காவது கரையேறியிருக்கலாம். அதற்குச் சான்றாகத் தல்மூத் சொல்லும் கதையில், கப்பல் உடைந்து ரப்பி அகிவா போய்விட்டார் என்று ரப்பான் கமாலியேல் (மூத்தவர் அல்ல, அவர் பேரன்) துக்கப்படுகிறார். கரைக்கு வந்தால் அகிவா எதிரே உட்கார்ந்து சட்டம் பேசுகிறார். எப்படித் தப்பினாய் என்றால், ஒரு பலகை கிடைத்தது, வந்த ஒவ்வோர் அலைக்கும் தலையைக் குனிந்தேன் என்கிறார். இந்த வழக்குகள் பழங்கதையாகிவிடவில்லை. 1973 போருக்குப் பிறகு, உடல் கிடைக்காத வீரர்களின் மனைவியர் நூற்றுக்கணக்கானவர்களின் வழக்கை ரப்பி ஒவாதியா யோசேஃப் ஒவ்வொன்றாக எடுத்து விடுவித்தார். 2001-இல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்தபோது அங்கிருந்த ரப்பி நீதிமன்றம் டிஎன்ஏவை ஆராய்ந்து சில மனைவியரை விடுவித்தது.

மறுக்கிற கணவனிடம் வரும்போதுதான் கதை மாறுகிறது. கட்டாயப்படுத்திய கெட் செல்லாது, ஆனால் தகுந்த வழக்கில் நீதிமன்றம் 'விரும்புகிறேன்' என்று அவன் சொல்லும்வரை கட்டாயப்படுத்தலாம் என்று மிஷ்னா சொல்கிறது. இந்த முரணுக்கு 12-ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ் சொன்ன விளக்கம் பிரசித்தம்: யூதனாக இருக்க விரும்புகிறவன் உள்ளூரக் கட்டளையை நிறைவேற்றவே விரும்புகிறான், அவனுடைய தீய நாட்டம்தான் தடுக்கிறது, அடி அந்த நாட்டத்தைத் தளர்த்துகிறது, பிறகு அவன் சொல்வது அவனுடைய சொந்த விருப்பமே. இதைப் படிக்கும்போது ஒரு வக்கீலாக என் புருவம் உயர்கிறது. ஆனால் அவர் இன்னோர் இடத்தில் எழுதியது எனக்குப் போதும்: கணவன்மேல் வெறுப்பு, அவனோடு இருக்க முடியாது என்று ஒருத்தி சொன்னால் அவனை உடனே விலக்கச் செய்ய வேண்டும், வெறுக்கிறவனோடு படுக்க அவள் என்ன சிறைபிடித்த பெண்ணா?

மைமோனிடஸ் தனியாக இல்லை. பாபிலோனின் கல்விச்சாலைத் தலைவர்கள் 7-ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப்பட்ட பெண்ணுக்கு உடனே கெட் வாங்கித்தர ஏற்பாடு செய்திருந்தார்கள், பல நூற்றாண்டு நடைமுறையில் இருந்தது. மைமோனிடஸின் சமகாலத்தவரான பிரான்ஸ் தேசத்து ரப்பேனு தாம் அதை மறுத்தார். அப்படி வாங்கிய கெட் கட்டாய கெட், செல்லாது என்றார். அவர் கருத்தே பரவி நின்றது. வெறுமனே கதவைச் சாத்தவில்லை, மறுக்கிற கணவனோடு ஊரார் பேசக் கூடாது, வியாபாரம் செய்யக் கூடாது என்று ஒரு விலக்கத்தை அவரே மாற்றாகச் சொன்னார். அதற்குச் சுமார் நூற்றைம்பது ஆண்டு முன்பு மைன்ஸ் நகரத்து ரப்பேனு கெர்ஷோம் பெயரால் வந்த தடை, பெண்ணின் சம்மதமில்லாமல் அவளை விலக்கக் கூடாது, இரண்டாம் மனைவி கூடாது என்றது. நல்லது. ஆனால் மனைவி கெட்டை வாங்க மறுத்தால் அவனுக்கு ஒரு வழி வைத்தார்கள்: நூறு ரப்பிகள் கையெழுத்திட்டால் அவன் மறுமணம் செய்யலாம். மறுக்கிற கணவனின் மனைவிக்கு எத்தனை ரப்பிகள் கையெழுத்திட்டாலும் அப்படி ஒரு வழி இல்லை.

ஏன் இந்தப் பயம்? குழந்தையை வைத்து. செல்லாத கெட்டோடு அவள் மறுமணம் செய்து பெறுகிற பிள்ளை மம்ஸேர். அவனும் அவன் சந்ததியும் சபைக்குள் மணம் முடிக்க முடியாது, பத்தாம் தலைமுறைவரை என்கிறது உபாகமம். இந்தப் பயம் எவ்வளவு தூரம் நீளும் என்பதற்கு இந்தியாவிலேயே ஒரு சாட்சியம் உண்டு. கொங்கணக் கரையில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்து, சனிக்கிழமை செக்கை நிறுத்தியதால் 'சனிவார் தேலி' என்று அக்கம்பக்கத்தார் அழைத்த பெனே இஸ்ரேல் மக்கள், மிஷ்னாவையே அறியாமல் தலைமுறை தலைமுறையாக யூதர்களாக வாழ்ந்தவர்கள். அவர்கள் இஸ்ரேலுக்குக் குடிபோனதும் தலைமை ரப்பிப்பீடத்துக்குச் சந்தேகம் வந்தது: இவர்களின் பாட்டிமாரில் யாராவது முறையான கெட் இல்லாமல் மறுமணம் செய்திருந்தால்? 1960-களின் தொடக்கத்தில், இவர்கள் மற்ற யூதர்களை மணக்க வந்தால் தாய்வழியை முடிந்தவரை பின்னால் போய் விசாரிக்கும்படி பதிவாளர்களுக்கு உத்தரவு போனது. எருசலேமில் போராட்டம் நடந்தது. 1964-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் இவர்கள் எல்லா வகையிலும் யூதரே என்று சொன்ன பிறகுதான் பெனே இஸ்ரேல் என்ற பெயர் அந்த உத்தரவிலிருந்து எடுக்கப்பட்டது. ராய்காட் மாவட்டத்துக் கிராமத்தில் என்றோ செத்துப்போன ஒரு பாட்டியின் சீட்டு, எருசலேமில் பேத்தியின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தது.

இனி கமாலியேலின் ஏற்பாடு. கணவன் தூதர் மூலம் கெட் அனுப்பிவிட்டு, அது போய்ச் சேர்வதற்குள் வேறோர் ஊரில் நீதிபதிகளைக் கூட்டி ரத்து செய்யலாம் என்று முன்பு இருந்தது. தூதருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. கமாலியேல் அதைத் தடுத்தார். தடையை மீறி ஒருவன் ரத்து செய்தால்? கெட் செல்லும் என்று ஒரு கருத்து. தோராவின்படி ரத்தான சீட்டை ரப்பிகள் எப்படிச் செல்ல வைப்பார்கள் என்று தல்மூத் கேட்கிறது, ஹில்லேலைக் கேட்ட அதே மாதிரி. பதில்: யார் திருமணம் செய்தாலும் ரப்பிகளின் நிபந்தனைக்கு உட்பட்டே செய்கிறான், ஆகவே ரப்பிகள் அந்தத் திருமணத்தையே இல்லாமல் ஆக்கிவிடலாம். பாருங்கள், ராவா கடனுக்குச் சொன்னதைவிடப் பெரிய அதிகாரம் இது, அதுவும் சில ஏடுகள் முன்னதாகவே. சில வழக்குகளில் தல்மூத் இதைப் பயன்படுத்தவும் செய்கிறது. பின்வந்தவர்களில் பெரும்பாலோர், தல்மூத் சொன்ன அந்தச் சில வழக்குகளுக்கு மட்டும்தான், நாமாக எடுத்து நீட்ட முடியாது என்று கையைக் கட்டிக்கொண்டார்கள். 1990-களில் நியூயார்க்கில் ரப்பி இமானுவேல் ராக்மன் ஒரு நீதிமன்றம் அமைத்து, திருமணத்தில் ஆரம்பத்திலேயே குறையிருந்தது என்ற அடிப்படையில் கட்டுண்ட பெண்களின் திருமணங்களைச் செல்லாதவையாக அறிவித்தார். வைதிக ரப்பிகள் பெரும்பாலும் அந்தத் தீர்ப்புகளை ஏற்கவில்லை. ரப்பிகளுக்கு மனமிருந்தால் சட்டத்தில் வழி இருக்கும் என்று வைதிகப் பெண்ணியவாதி ப்ளூ கிரீன்பெர்க் சொன்னதற்கு, மனத்தால் சட்டம் செய்ய முடியாது என்று பலர் சீறினார்கள். கோஸ் தண்டைப் படித்துவிட்டு எனக்கு ப்ளூ கிரீன்பெர்க் பக்கம்தான் நிற்கத் தோன்றுகிறது.

இஸ்ரேலில் 1995 சட்டம் ரப்பி நீதிமன்றத்துக்குச் சில பற்களைக் கொடுத்தது: மறுக்கிறவனின் ஓட்டுநர் உரிமத்தை நிறுத்தலாம், வெளிநாடு போவதைத் தடுக்கலாம், சிறையில் போடலாம். சிறை எல்லாரையும் அசைப்பதில்லை. அதற்கு முன்பே, கெட் கொடுக்க மறுத்து முப்பது ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து அங்கேயே செத்த ஒருவர் உண்டு. பெரும்பாலானவர்கள் அவ்வளவு வைராக்கியக்காரர்கள் கிடையாது, விலை பேசுகிறவர்கள். வீட்டை எழுதிக்கொடு, பிள்ளைகளை விட்டுக்கொடு, சீட்டு தருகிறேன். சம்மத விவாகரத்து மனுவில் கையெழுத்துக்கு விலை வைக்கிற கணவர்களை என் மேசைக்கு எதிரேயே பார்த்திருக்கிறேன், மனைவியரையும்தான். ஆனால் எங்கள் நீதிமன்றத்தில் கையெழுத்து கிடைக்காவிட்டால் வழக்காடவாவது முடியும்.

ஓரளவு வேலை செய்வது அமெரிக்காவில் 1990-களில் ரப்பி மொர்தெகாய் வில்லிக் வடிவமைத்த திருமணத்துக்கு முந்தைய ஒப்பந்தம். இருவரும் ரப்பி நீதிமன்றத்தின் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொள்கிறார்கள். சேர்ந்து வாழ்வது நின்ற பிறகு, யூதச் சட்டப்படி திருமணம் நீடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் மனைவியின் பராமரிப்புக்கு இவ்வளவு என்று கணவன் எழுதிக்கொடுக்கிறான். வழக்கமான தொகை நாளொன்றுக்கு 150 டாலர். சிவில் நீதிமன்றத்தில் வசூலிக்கலாம். எழுதிய விதத்தை ரசித்துப் படித்தேன். கெட் கொடுக்காததற்கு அபராதம் என்று எங்கும் இல்லை. அபராதம் என்றால் அந்த அழுத்தத்தில் கொடுத்த கெட் கட்டாய கெட் ஆகி, ரப்பேனு தாம் வழிவந்தவர்கள் செல்லாது என்பார்கள். மனைவிக்குச் சோறு போடுவது எப்படியும் கணவன் கடமை. அந்தக் கடமைக்கு ஒரு தொகையை முன்கூட்டியே நிர்ணயித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்காவின் முக்கிய வைதிக ரப்பி சங்கம் தன் உறுப்பினர்கள் இந்த ஒப்பந்தம் இல்லாமல் கல்யாணம் நடத்திவைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. அந்தச் சங்கத்துக்கு வெளியே, தீவிர வைதிகச் சமூகங்கள் பலவற்றில், இதுவும் மறைமுகக் கட்டாயம்தான் என்று சொல்லிக் கையெழுத்திடாமலே கல்யாணங்கள் நடந்துகொண்டிருக்கின்றன.